ஏகாதசித் திவசம் யாருக்கு? இரணைமடு வாய்க்கால் ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்தைத் தேடிய கதை

2022 இல் பெரியப்பா காலமானபோது கல்வெட்டு அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வெளியூர் வாசகருக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில், அதாவது இலங்கையின் வடக்கில், கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. இறந்தவரின் படம், திதி வெண்பா, தேவாரம், நாலு பேரின் இரங்கலுரை, கடைசிப் பக்கத்தில் வம்சாவளி என்று அச்சடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். இரங்கலுரை எழுத ஆள் அள்ளுகொள்ளையாக இருந்தார்கள். வம்சாவளி எழுதத்தான் ஒருவரும் இல்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதினேன். உச்சியில் அப்பப்பா. அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி: “1936 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கால்நடையாக வந்து, கன்னிக்காடு வெட்டி, இரணைமடுத் தண்ணீரில் முதல் விதைப்பு விதைத்தவர்.” சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடமான வரி அது. இரணைமடு என்பது யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே வன்னி நிலத்தில், கிளிநொச்சியில் இருக்கிற பெரிய குளம். அந்தியேட்டி அன்று பந்தி முடிந்த நேரம், அப்பாவின் சகோதரியான மாமி பூதக்கண்ணாடியைப் பிடித்து அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவருக்கு எண்பது வயது.

“தம்பி, பெரியப்புவை விட்டிட்டியே மோனை?”

“எந்தப் பெரியப்பு மாமி?”

“அப்புவின்ரை தமையன். முதல் வந்தது அவரெல்லோ.”

அப்படி ஒருவர் இருந்தார் என்பதையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். என் அப்பாவும் ஒருநாளும் சொன்னதில்லை. முந்நூறு பிரதி பிழையோடு ஊரெல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் தேடினேன். தேடிய விதமும் கிடைத்ததும்தான் கீழே இருக்கிறது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இரணைமடுவின்கீழ் வாய்க்கால் இலக்கத்தைச் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

மாமியிடம் கேட்ட விதம்

முதல் மூன்று நாள் நான் பிழையான கேள்விகளைக் கேட்டு வீணாக்கினேன். “அது எந்த வருசம் மாமி?” என்று கேட்டால் அவர் முகட்டைப் பார்ப்பார். “அப்ப ஆர் வயித்திலை?” என்று கேட்டால் உடனே பதில் வரும். வன்னிக் கிழவிகளுக்குப் பிள்ளைப்பேறும் வெள்ளமும்தான் கலண்டர். 1957 டிசம்பர் பெருவெள்ளம், தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல், கூப்பன் அரிசி குறைந்த காலம் என்று நான் ஒரு தாளில் குறித்துவைத்து, ஒவ்வொரு சம்பவத்தையும் இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டு அடுக்கினேன்.

மாமி தன் பிறப்பைப் பற்றிச் சொன்னது: “திருகோணமலையிலை யப்பான்காரன் குண்டு போட்ட கிழமை நான் பிறந்தனான் எண்டு அம்மா சொல்லுவா.” திருகோணமலையில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9. மாமியின் அடையாள அட்டையோ வேறு கதை சொன்னது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். மாமியின் அட்டை 44 என்று தொடங்குகிறது. எது சரி? பிறப்புச் சான்றிதழ் எடுத்தோம். 1942 ஏப்ரல் என்றே இருந்தது. குண்டு வென்றது, அட்டை தோற்றது.

அந்தச் சான்றிதழ் இன்னொன்றையும் உடைத்தது. மாமி கொட்டிலில் பிறந்த முதல் வன்னிப்பிள்ளை என்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பிறந்த இடமாகப் பதிந்திருந்தது யாழ்ப்பாணத்தில் அப்பம்மாவின் ஊர். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. தலைப்பிள்ளைக்கு மட்டுமன்றி, அடுத்த பேறுகளுக்கும் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கம் இருந்தது. காட்டுக்கரையில் மருத்துவிச்சியும் இல்லை, காய்ச்சலுக்குக் குறைவும் இல்லை. அதனால் வன்னிக் குடும்பம் ஒன்றைத் தேடுகிறவர் பிறப்பைத் தாயின் ஊரிலும் இறப்பைக் குடியேறிய ஊரிலும் தேடினால் அரைவாசி அலைச்சல் மிச்சம்.

பெரியப்புவை மாமி கண்டதே இல்லை. இரண்டு விஷயம் மட்டும் தெரியும். ஒன்று, அவர் காய்ச்சலில் போனவர். மற்றது அப்பப்பாவின் ஏகாதசி.

“கார்த்திகை ஏகாதசிக்கு அப்பு மச்சம் தொடமாட்டார். விரதம் எண்டுதான் நாங்கள் நினைச்சம். ஆனா விரதகாரன் ஆரும் காகத்துக்குச் சோறு வைச்சிட்டு அழுவானோ?”

அதுதான் எனக்குப் பிடிகயிறு. வருடத்தில் இருபத்துநாலு ஏகாதசி வரும். நாங்கள் சைவக் குடும்பம், ஏகாதசி பிடிக்கிற வழக்கமே வீட்டில் இல்லை. அப்பப்பா பிடித்தது கார்த்திகை வளர்பிறை ஏகாதசி ஒன்றை மட்டும். மார்கழியில் வருகிற பெரிய ஏகாதசியைக்கூட அவர் கவனித்ததில்லையாம். அப்படியென்றால் அது விரதம் இல்லை, திவசம். யாருடைய திவசம்?

ஆளை விட்டுக் காணியைப் பிடித்தது

யாழ்ப்பாணத்தில் வம்சாவளி தேடுகிறவர் ஆளில் தொடங்கலாம். அங்கே யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி முதுசமும் (பரம்பரைச் சொத்து) சீதனமும் பிள்ளை பிள்ளையாகப் பிரிந்துபோகும், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நொத்தாரிசு உறுதி (காணிப் பத்திரம்) இருக்கும், உறுதியில் தாய் தகப்பன் பெயர் இருக்கும். குடியேற்றக் காணி அப்படியில்லை. அது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் காணிக் கச்சேரி (விண்ணப்பித்தவர்களை நேரில் விசாரிக்கிற கூட்டம்) வைத்துத் தெரிவுசெய்து, பெர்மிட் போட்டுக் கொடுத்த அரச காணி. பெர்மிட் ஒருவர் பெயரில் இருக்கும். அவருக்குப் பிறகு நியமித்த பின்னுரித்தாளர் ஒருவர். துண்டுபோட முடியாது, நினைத்தபடி விற்கவும் முடியாது. எட்டுப் பிள்ளை இருந்தாலும் கடதாசியில் ஒரு பிள்ளைதான்.

இதன் விளைவை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன். சட்டம் ஒரு பெயரை மட்டும் வைத்திருந்ததால், குடும்பமும் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. காணி பெரியப்பாவுக்குப் போனது. என் அப்பா 60களின் கடைசியில் விசுவமடுப் படித்த வாலிபர் திட்டத்துக்குப் போய் மிளகாய் நட்டார். 70களின் தொடக்கத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி ஆகாமல் நின்றபோது அவர் கையில் காசு புரண்டது, 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டபோது அது போனது. அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது, இரணைமடுக் காணியின் கடதாசியில் அப்பாவும் இல்லை மாமியும் இல்லை என்பதைத்தான். அந்தக் கடதாசியை மட்டும் பார்த்தால் அப்பப்பாவுக்கு ஒரே பிள்ளை.

அந்தக் கடதாசியும் சுலபமாகக் கிடைக்கவில்லை. கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் நடந்ததெல்லாம் யாழ்ப்பாணக் கச்சேரியின் (அரச செயலகத்தின்) அலுவல், அந்தப் பழைய கச்சேரிக் கட்டடம் போரில் இடிந்து இன்றும் சுவராக நிற்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பம் என்றால் 1978 வரை வவுனியாவிலும் தேட வேண்டியிருக்கும். எந்த ஆண்டில் எந்தக் கச்சேரி என்று முதலில் ஒரு தாளில் எழுதாமல் பஸ் ஏறக்கூடாது. நான் ஏறினேன். பிழையான அலுவலகத்தில் மூன்று தரம் வரிசையில் நின்றேன். “ஐயா, இஞ்சை இல்லை” என்று மூன்றாம் தரம் சொன்ன பிள்ளைதான், தகவல் அறியும் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கோ என்று வழிகாட்டியது.

எழுத்தில் கேட்டபோது எங்கள் காணியின் பேரேட்டுப் பக்கத்தின் பிரதி வந்தது. போருக்குப் பிறகு மீள எழுதிய பக்கம். முதல் பெயர் அப்பப்பா. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. இதோடு விட்டிருந்தால் கல்வெட்டில் எழுதியதே சரி என்று ஆகியிருக்கும். மீள எழுதிய பேரேட்டை முழுதாக நம்ப முடியாது, ஏனென்றால் 2010இல் மீள்குடியேறி வந்த ஆள் தன் கையில் இருந்த போட்டோப் பிரதியைக் காட்டிச் சொன்னதைத்தான் அதில் எழுதியிருப்பார்கள். பெரியப்பா, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து கொண்டுவந்த பிளாஸ்ரிக் பையில் அப்பப்பாவின் பெர்மிட் பிரதி ஒன்றுதான் இருந்தது.

பிளான் உதவியது. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் எங்கள் வாய்க்காலின் துண்டுகள் இலக்கத்தோடு இருந்தன. குளக்கட்டை உயர்த்தி மேலும் காணி திறந்த காலத்தில் இலக்கங்கள் மாறியிருக்கின்றன. பழைய இலக்கம் ஒன்று, புதிய இலக்கம் ஒன்று. பேரேட்டில் இருந்தது புதியது. அப்பப்பாவின் பெர்மிட் புதிய இலக்கத்துக்கு மாற்றி எழுதியது என்றால், பழைய இலக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

றங்குப்பெட்டி

வன்னிக் குடும்பத்தின் பழைய கடதாசி வன்னியில் இருக்காது. 1996 இல் ஒருதரம், 2008 இன் கடைசியில் இன்னொரு தரம் என்று அந்த மண்ணே எழும்பி ஓடியது. நான் யாழ்ப்பாணத்தில் அப்பப்பா பிறந்த வளவுக்குப் போனேன். அங்கே இப்போது இருப்பது அப்பப்பாவின் தங்கையின் பேத்தி, எனக்கு மச்சாள் முறை. 1995 இடம்பெயர்வின்போது அவர்கள் கொண்டுபோன சாமானுக்குள் ஒரு றங்குப்பெட்டியும் இருந்திருக்கிறது. “பழைய உறுதியள் எண்டு அம்மா தூக்கிக்கொண்டு திரிஞ்சவ. நாங்கள் திறந்து பாக்கேல்லை” என்றார்.

பெட்டிக்குள் மூன்று சாமான் எனக்குரியது.

முதலாவது, ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட பெர்மிட் ஒன்றின் பிரதி, கரையான் தின்றது போக மிச்சம். அனுமதி பெற்றவர் பெயர் அப்பப்பாவின் பெயர் இல்லை. தகப்பன் பெயர் மட்டும் அதே. பழைய காணி இலக்கமும் அதே. பின்னுரித்தாளர் என்கிற இடத்தில் அப்பப்பாவின் பெயர், உறவு: சகோதரன். எங்கள் பெரியப்பு. வருடம் எழுதிய மூலை இல்லை.

பெயருக்கு ஒரு தகராறும் இருந்தது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலோ எழுதுகிற கிளாக்கரின் காதைப் பொறுத்தது. பெரியப்புவின் பெயர் ஒரே பத்திரத்தில் இரண்டு விதமாக இருந்தது. அதனால் பதிவகத்தில் தேடும்போது நான் ஆறு விதமான எழுத்துக்கூட்டலை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். நாலாவதில் ஆள் அகப்பட்டார்.

அகப்பட்டது இறப்புப் பதிவில். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் போயிருப்பார் என்று நினைத்து முதலில் அங்கே தேடியது வீண். கரைச்சிப் பக்கத்துப் பதிவின் பிரதியில் இருந்தது: 1944 நவம்பர் கடைசி வாரம். வயது 34. விவாகம் இல்லை. தொழில் கமம். காரணம் காய்ச்சல். அறிவித்தவர் பெயர் பக்கத்துக் காணிக்காரர்.

அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். தாரண வருடம், கார்த்திகை மாதம், வளர்பிறை ஏகாதசி அந்தக் கிழமையில்தான் விழுகிறது. (தமிழ் வருடப் பெயரை வைத்துத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாரண என்றால் 1884 ஆகவும் இருக்கலாம், 2004 ஆகவும் இருக்கலாம். பழைய கல்வெட்டுகளின் திதி வெண்பாவில் இதில் இடறி விழுந்தவர்கள் பலர்.)

நான் அந்தப் பஞ்சாங்கப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து மாமிக்கு அனுப்பவில்லை. நேரே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அப்பு அழுதது அதுக்குத்தான்” என்றார்.

1944 என்கிற ஆண்டை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கும். இலங்கையில் மலேரியாவுக்கு டி.டி.ரி. பூச்சிமருந்து தெளிக்கத் தொடங்கியது 1946 இல். ஒன்றிரண்டு வருடத்தில் வன்னிக் காய்ச்சல் அடங்கிவிட்டது. வன்னியில் அதற்குப் பிறகுதான் குடியேற்றம் பெருகியது. பெரியப்பு இரண்டு வருடம் முந்திவிட்டார்.

அப்ப 1936? இரணைமடுக் குளத்தில் 1902 இல் வேலை தொடங்கி இருபது வருடமளவில் இழுபட்டது. யாழ்ப்பாணத்து நெருக்கடியைத் தணிக்க அதன்கீழ் குடியேற்றம் தொடங்கியது 1936 இல். குடும்பக் கதையில் இருக்கிற 1936 பெரியப்பு வந்த ஆண்டாக இருக்கலாம், திட்டத்தின் ஆண்டு குடும்பத்தின் ஆண்டாக ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். வருடம் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டதால் நான் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். அப்பப்பா வந்தது 1945 இல், தமையனின் பின்னுரித்தாளராக, மூன்று வயது மாமியோடும் மூத்த பையனான பெரியப்பாவோடும். இரண்டு சகோதரர்களை ஒரு ஆளாகக் கட்டிவைத்திருந்தது எங்கள் கதை. பொய் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் செய்யவில்லை. துக்கத்தைப் பேசாத ஒரு மனிதர், பேச்சில் தமையனின் வருடத்தையும் தன் வருடமாக எடுத்துக்கொண்டார்.

“கால்நடையாக வந்தவர்” என்பதும் எனக்குச் சந்தேகம். யாழ்ப்பாண ரயில் 1905 இல் ஓடத் தொடங்கிவிட்டது, கிளிநொச்சியில் நிற்கும். மாமியிடம் சொன்னபோது, “ரிக்கற்றுக்குக் காசு ஆர் வைச்சிருந்தது?” என்று கேட்டார். சரி, அந்த வரியை இருக்கட்டும் என்று விட்டேன்.

பெட்டியில் இருந்த இரண்டாவது கடதாசி

அப்பம்மாவின் சீதன உறுதி. இதைத்தான் நான் அதிக நேரம் வாசித்தேன். சீதன உறுதியில் காணியின் விபரத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் எல்லை எழுதியிருக்கிற பகுதியைத் தவறவிடுகிறார்கள். கிழக்கே இன்னாருக்குச் சொந்தமான காணி, வடக்கே இன்னாரின் பெண்சாதி இன்னாள், தெற்கே ஒழுங்கை. யாழ்ப்பாணத்தில் அயல் காணிக்காரர் அரைவாசிப் பேர் சகோதரமாகவும் மச்சானாகவும்தான் இருப்பார்கள், ஏனென்றால் ஒரு வளவு பிரிந்து பிரிந்துதான் அந்தப் பரப்புகள் ஆனது. நாலு எல்லையையும் வைத்து அப்பம்மாவின் தகப்பனுக்கு இரண்டு சகோதரிகள் என்று கண்டுபிடித்தேன். வேறு எங்கேயும் அவர்கள் இல்லை.

மூன்றாவது கடதாசி அதே காணியை ஒத்திக்கு வைத்தது. 1945. ஒத்தி என்றால், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுத்துக்கொள்வார். “கணவரின் சம்மதத்துடன்” என்று எழுதியிருந்தது, மனைவி தன் காணியைக் கைமாற்றினால் அப்படி எழுதியாக வேண்டும். காணிப் பதிவகத்தில் அந்தத் தாளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், ஒத்தி மீட்கப்படவே இல்லை. சில வருடத்தில் அறுதியாக விற்றுவிட்டார்கள்.

எதற்குக் காசு? மாமி சொன்னார்: சேறடிக்க ஒரு சோடி எருமைக்கடா, விதைநெல், கொட்டில் போட மரம். பெர்மிட்டில் தண்ணீரும் காணியும் அரசாங்கம் கொடுத்தது. மிச்சமெல்லாம் அப்பம்மாவின் சீதனம். “காடு வெட்டினவர்” என்று அப்பப்பாவை ஊரே சொல்லும். கத்திக்குக் காசு கொடுத்தவளின் பெயர் பேரேட்டிலும் இல்லை, என் கல்வெட்டிலும் “பாரியார்” என்று ஒரு சொல்லாகத்தான் இருந்தது. மாமிக்குச் சீதனம் கொடுக்கிற காலம் வந்தபோது கொடுக்க யாழ்ப்பாணத்தில் காணி மிஞ்சவில்லை, குடியேற்றக் காணியில் துண்டும் கொடுக்க முடியாது. அந்த மனத்தாங்கல் எங்கள் குடும்பத்தில் இன்னும் இருக்கிறது. இதை நான் எழுதியது பெரியப்பா வீட்டுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

கன்னிக்காடு என்ற சொல்

இறப்பை அறிவித்த பக்கத்துக் காணிக்காரரின் பேரன் இப்போதும் அதே காணியில் இருக்கிறார். அவரிடம் போனேன். தன் பாட்டன் சொன்னதாக அவர் சொன்னது: முதல் வெட்டின காட்டுக்குள் செங்கல் கிடந்தது, பாழ்குளம் ஒன்றின் கட்டும் இருந்தது. கண்டாவளைப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர் ஒருவர் வந்து, “இது எங்கட மாட்டுப்பட்டி நிண்ட இடம்” என்று சண்டை பிடித்தாராம். குடியேறினவர்களுக்கு அது காடு, பழைய வன்னியாருக்கு அது மேய்ச்சல் தரை. முள்ளியவளை, கண்டாவளை, பூநகரி எல்லாம் எங்கள் திட்டங்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்திய ஊர்கள். “கன்னிக்காடு” என்ற சொல்லை என் அடுத்த பிரதியில் எடுத்துவிட்டேன்.

பின்வளவுக் குடும்பம்

இவ்வளவும் முடிந்தபோது வேலை முடிந்தது என்று நினைத்தேன். மேட்டுக்காணியின் பின்பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. நான் பிறந்த காலத்திலிருந்து அவர்களை அங்கேதான் தெரியும். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து லொறியில் வந்தவர்கள். அப்பப்பா காலபோகம் (மாரி விதைப்பு) மட்டும் விதைத்துவிட்டு விட்டிருந்த பற்றைக்காட்டின் பாதியை வெட்டித் திருத்தியது அவர்கள். இப்போது அந்த வீட்டில் மூத்தவர் ஒரு ஆச்சி. நான் கடதாசிகளோடு திரிவதைப் பார்த்துவிட்டு அவருடைய பேத்தி கேட்டது: “அண்ணா, எங்கட ஆக்களையும் எழுதித் தருவீங்களா?”

எங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்ட ஒரு வழியும் இங்கே பயன்படவில்லை. பெர்மிட் இல்லை, உறுதி இல்லை, சீதனக் கடதாசி இல்லை. பழைய வாக்காளர் இடாப்பிலும் இல்லை, காரணம் தெரிந்ததுதான்: மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதையும் நிரூபிக்க வேண்டும். எங்கள் பிறப்புச் சான்றிதழில் பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. நாங்கள் அதைக் கவனிப்பதே இல்லை. வம்சாவளி தேடுகிறவருக்கு அது ஒரு தலைமுறையை இலவசமாகக் கொடுக்கும். ஆச்சியின் பிள்ளைகளின் சான்றிதழ்களில் அந்தக் கூட்டில் ஒரு கோடு இழுத்திருந்தது.

மற்றக் கூடு உதவியது. பிறந்த இடத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் எழுதியிருந்தது. ஆச்சியிடம் ஒரு பழைய கடித உறையும் இருந்தது. மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய தமையன் குடும்பம் இந்தியாவுக்குப் போனது, ஆச்சி வீட்டார் இங்கே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்து, காத்திருந்தபடியே வன்னிக்கு வந்து, கடைசியில் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பிரஜை ஆனார்கள். தமையன் அனுப்பிய அந்த ஒரே கடிதத்தின் உறையில் முத்திரை பிய்ந்துபோயிருந்தது.

அவர்களுடைய ஊர் எது? ஆச்சிக்குத் தெரியாது. “திருச்சிப் பக்கம்னு சொல்லுவாங்க” என்றார். தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிமாரில் பலர் முசிறி, துறையூர்ப் பக்கங்களில்தான் திரட்டினார்கள், ஆகவே அது அரைவாசிப் பேருக்குப் பொருந்தும். பிறகுதான் சரியான கேள்வி வாயில் வந்தது: “ஆச்சி, உங்கட குலதெய்வம் எது?” உடனே சாமியின் பெயர் வந்தது, பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் பெயரும், கோயிலுக்கு முன்னால் நிற்கிற மரமும் வந்தது, பிள்ளைக்கு முதல் முடி எடுக்க அங்கே போக முடியாமல் தோட்டத்தில் கல் நட்டுக் கும்பிட்ட கதையும் வந்தது. ஊர்ப் பெயர் மறந்தாலும் குலதெய்வம் மறக்காது. அதை வைத்துத் தேடி மூன்று ஊர்களுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு மேல் அங்கே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

ஒன்று நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தோட்டத்துக்குப் போன ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை வன்னிக்காட்டின் ஓரமாக நடந்தே போனார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். ஆச்சியின் பாட்டனின் தகப்பன் அந்தப் பாதையில் வந்திருக்கக்கூடும். அப்படியானால் கால்நடையாக வன்னிக்கு முதலில் வந்தது எங்கள் ஆட்கள் இல்லை.

திருத்திய வம்சாவளியை எப்படி வரைவது என்பதில் கொஞ்சம் தடுமாறினேன். அப்பப்பாவை உச்சியில் வைத்தால் பெரியப்புவுக்குப் பக்கத்தில் ஒரு கிளை, பிள்ளை இல்லாததால் அங்கேயே முடிந்துவிடும். ஆச்சி வீட்டாருக்கு இடமே இல்லை. கடைசியில் உச்சியில் ஆளை வைக்காமல் காணி இலக்கத்தை வைத்தேன், பழையதும் புதியதும். அதன்கீழ் அந்த மண்ணில் இருந்தவர்களை வந்த ஒழுங்கில் எழுதினேன்: பெரியப்பு, அப்பப்பாவும் அப்பம்மாவும், அவர்களின் பிள்ளைகள் அனைவரும், 1977 இலிருந்து பின்வளவுக் குடும்பம். அப்பம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒத்தி உறுதியின் இலக்கம். எட்டுப் பக்கம். மாமி பூதக்கண்ணாடியோடு இரண்டு தரம் வாசித்துவிட்டு, தன் பெயரில் ஒரு எழுத்துப் பிழையை மட்டும் காட்டினார்.

ஒரு பிரதியை ஆச்சி வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேத்தி நின்றபடியே கடைசிவரை வாசித்தது. காணி இலக்கத்தின் கீழ் தன் தாத்தாவின் பெயர் இருக்கிற இடத்தை விரலால் தொட்டது.

“அண்ணா, இதைக் கொண்டுபோய்க் காட்டினா எங்களுக்கு பெர்மிட் தருவாங்களா?”

இல்லை என்றேன். அடுத்த கிழமை போனபோது அந்தத் தாளை லாமினேற் செய்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தார்கள்.